மன்றோ மேசையில் பெரியப்பா

கலியாண மண்டபத்தில் மேசைகளுக்கு எண் போடக்கூடாது என்ற ஒரே விஷயத்தில்தான் இரண்டு வீட்டாரும் உடனே ஒத்துப்போனார்கள். எண் போட்டால் பதினான்காம் மேசைக்காரர் ஒன்றாம் மேசைக்காரரைத் திரும்பிப் பார்ப்பார். அதோடு சொந்தம் அறுந்தது. ஆகவே பெயர் வைக்கலாம் என்று முடிவானது. நான் பூக்களின் பெயர் என்றேன். என்னைக் கட்டப்போகும் ஷங்கர் நதிகள் என்றான். அவர்களுடைய காவேரி பெரிதா, எங்கள் இலங்கையின் மகாவலி பெரிதா என்று கிளம்பும் என்பதால் அதையும் கைவிட்டோம். அப்போதுதான் ஷங்கரின் அப்பா ரங்கராஜன் தொண்டையைக் கனைத்தார்.

என் வருங்கால மாமனார் இலண்டனின் ஹவுன்ஸ்லோவில் இருக்கும் ஓய்வுபெற்ற மயக்கமருந்து டாக்டர். பிறந்த ஊர் சென்னை. அதிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னை என்றால் அவருக்கு உயிர். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மருந்து இல்லாமலே ஆட்களை மயக்கிவிடுவார். ஒரே வாரத்தில் மேசைகளுக்கெல்லாம் பெயர் வந்துவிட்டது. கவர்னர் மன்றோ. சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயர். வானத்தை ஆராய்ந்த போக்சன். பரங்கிமலைப் பக்கம் நிலம் அளக்கத் தொடங்கிய லாம்டன். சென்னையில் மருத்துவம் படித்து இலண்டனுக்கு வந்து பெயர் வாங்கிய டாக்டர் மேரி ஷார்லிப். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் குறிப்பு வேறு. சோறு ஆறும்வரை வாசிக்கலாம்.

எங்கள் பக்கத்து ஆட்களை எந்த மேசையில் இருத்துவது என்பதை நான் பார்த்துக்கொண்டேன். எங்கள் பக்கம் என்றால் இலண்டனில் மிச்சம் என்ற ஊரும் அதைச் சுற்றியுள்ள யாழ்ப்பாணமும். நான் பாலர் வகுப்பில் இருந்தபோதே அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். அப்பாவின் தமையன், பெரியப்பா அம்பலவாணன்தான் என்னை வளர்த்தார். பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, கண் எரிய எரிய எனக்குத் தலை பின்னிவிட்ட மனிதர். மேடையில் என் கையைப் பிடித்துத் தாரை வார்க்க வேண்டியவர் அவர். அவர் இல்லையென்றால் எனக்குக் கலியாணமே வேண்டாம். மாப்பிள்ளைக்கும் இது தெரியும்.

மேசைத் திட்டத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். அவ்வளவுதான், போன் சூடேறிவிட்டது.

பிறேமினி மாமியை நீதிபதி மேசையில் போட்டிருந்தேன். அவருடைய மகனுக்கு வேகமாகக் கார் ஓட்டியதில் லைசென்ஸ் பறிபோன வாரம் அது. அதை ஊருக்குக் காட்டத்தான் நான் இப்படிச் செய்தேன் என்று மாமி அழுதார். மீன்கடை கஸ்பர் அண்ணைக்குப் போக்சன் மேசை. நட்சத்திரம் பார்த்தவரின் மேசையில் இருத்துகிறாயே, நான் சாத்திரம் பார்க்கிறவன் என்று உனக்கு யார் சொன்னது, நான் தேவாலயம் போகிற வேதக்காரன் என்று அவர் சண்டைக்கு வந்தார். வீடு விற்கும் என் மச்சானுக்கோ லாம்டன் மேசையில் தலைகால் புரியாத சந்தோஷம். தன் கம்பனியின் கார்டை அங்கே வைக்கலாமா என்று கேட்டான். எங்கள் குடும்பத்து நேர்ஸ்மார் எல்லோரும் டாக்டர் ஷார்லிப் மேசைக்கு முட்டிமோதினார்கள். நான் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தேன்.

அப்போது பெரியம்மா சிவனேஸ்வரி எனக்குப் போன் எடுத்தார். பெரியப்பா கலியாணத்துக்கு வரமாட்டாராம்.

சிரிப்பு நின்றுவிட்டது. நான் இருந்த குரோய்டனிலிருந்து மிச்சத்துக்கு டிராம் பிடித்து ஓடினேன். பெரியப்பா சத்தத்தை நிறுத்திவிட்டு டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்றால் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லையென்றால் வாங்கோ என்றால், வரமாட்டன் என்றார். பிறகு பந்துக்குக் காத்திருந்தார்.

மேசைத் திட்டத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அவருக்குக் கவர்னர் மன்றோ மேசை. விஷயம் விளங்கிவிட்டது. குரோய்டனில் அந்தப் பெரிய அலுவலகத்தில் விசாவுக்காக எத்தனை வருடம் வெள்ளைக்காரரின் மேசைக்கு முன்னால் இருந்தவர். கலியாணத்திலும் வெள்ளைக்காரனின் மேசையா? எனக்கு மாமனார் மீது பற்றிக்கொண்டு வந்தது.

போனில் சொன்னதும் மாமனார் துடித்துப்போனார். அது மேடைக்குப் பக்கத்து மேசை, இருக்கிறதிலேயே பெரிய மரியாதை என்றார். சேணமில்லாத குதிரைமேல் மன்றோ இருக்கும் சிலையே இலண்டனில் செய்து கப்பலேற்றியதுதான் என்று, யாரும் கேட்காமலே, அரைமணி நேரம் விளக்கினார். இருந்தாலும் மன்றோவைத் தூக்கிவிட்டு, பெரியப்பாவுக்கு நீதிபதியைக் கொடுத்தார். வேண்டாம். போக்சன்? வேண்டாம். அடுத்த நாள் காலையில் அவரே எனக்குப் போன் எடுத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பரீட்சை, ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு, தேறியவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தார். மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். மன்றோ மேசைக்கு 'முதல் பி.ஏ.' என்று பெயர் மாறியது.

அது இன்னும் பெரிய வம்பாகிவிட்டது. பத்துப் பேர் இருக்கும் மேசைக்கு மிச்சம் முழுக்கப் போட்டி. தன் பாட்டனார் அந்த இருவரில் ஒருவரின் பக்கத்து ஊர் என்று பிறேமினி மாமி ஆதாரம் அனுப்பினார். கஸ்பர் அண்ணையும் உரிமை கோரினார். பெரியப்பா மட்டும் அசையவில்லை.

கடைசியில் மாமனாரே கோட்டும் டையுமாகப் பஸ் மாறி மாறி மிச்சத்துக்கு வந்து சேர்ந்தார். பெரியம்மா கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, பெரியப்பாவுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

"எந்த டேபிள் வேணுமோ நீங்களே சொல்லுங்க சம்பந்தி. நான் சமையல்கட்டுப் பக்கம் உக்காந்துக்கறேன்."

பெரியப்பா டிவியை நிறுத்தினார்.

"எனக்கு மேசை வேண்டாம். எங்கட பக்கத்தில பொம்பிளைப் பிள்ளையைப் பெத்தவன் கலியாணத்தண்டு கதிரையில இருக்கிறேல்லை. கடைசிச் சனம் சாப்பிட்டுக் கை கழுவுமட்டும் நிண்டு பாப்பான். கதிரை விருந்தாளிக்குத்தான் போடுறது." என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நான் பெறேல்லைத்தானே. அதுதான் எனக்கும் கதிரை போட்டிருக்கினம்."

மாமனார் தேநீரைக் கீழே வைத்தார். 

மேசைக்குப் பெயர் வைத்தது மட்டும்தான் மாமனார். பெரியப்பாவின் பெயரை அங்கே போட்டது நான். அவருக்கு முழங்கால் தேய்ந்துபோயிருக்கிறது, மேடைக்குப் பக்கத்தில் ஆறுதலாக இருக்கட்டும் என்று ஆசை ஆசையாகப் போட்டேன். வளர்த்த மனிதரை நானே விருந்தாளியாக்கியிருக்கிறேன். அழுகை வந்தது. கூடவே, நூறு வருடத்துச் சென்னையைத் தலைகீழாகக் கொட்டித் தேடினோமே என்று சிரிப்பும் வந்தது. இரண்டையும் ஒன்றாகச் செய்தபடி போனை எடுத்து அவருடைய பெயரை அழித்தேன்.

"அழிச்சிட்டன் பெரியப்பா. மண்டபத்தில உங்களுக்கு ஒரு இடமும் இல்லை."

"அப்ப வாறன்" என்றார்.

மாமனார் உணர்ச்சிவசப்பட்டு, அப்படியானால் தனக்கும் நாற்காலி வேண்டாம் என்றார். மாப்பிள்ளை வீட்டார் நிற்கக்கூடாது என்று பெரியப்பா ஒரு அதட்டுப் போட்டார்.

கலியாணத்தன்று பெரியப்பா என் கையைப் பிடித்துத் தாரை வார்த்தார். முடிந்த கையோடு மேடையிலிருந்து இறங்கி வாசலுக்குப் போய்விட்டார். பிறகு நடந்ததைக் கூத்து என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவர்கூடத் தன் பெயர் போட்ட இடத்தில் இருக்கவில்லை. கதிரைகளை இழுத்து இழுத்து முதல் பி.ஏ. மேசையைச் சுற்றி மூன்று வட்டம் போட்டார்கள். நேர்ஸ்மார் டாக்டர் ஷார்லிப்பின் பெயர்ப்பலகையைக் கையில் ஏந்தி ஆடினார்கள். ஹவுன்ஸ்லோவின் தலைக்கு மேலே போகும் விமானச் சத்தமே அன்று கேட்கவில்லை. பெரியப்பா பாயசச் சட்டியோடு நொண்டி நொண்டி எல்லா இடமும் போனார். வேண்டாம் என்றவர்களுக்கும் ஊற்றினார். அவ்வளவு அழகாக அவரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

மண்டபத்து ஆட்கள் கதிரைகளை அடுக்கத் தொடங்கியதும் நான் கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றோடு ஓடினேன். எல்லோரும் கை கழுவிவிட்டார்கள், இனியாவது இருங்கோ என்றேன்.

"நீ சாப்பிட்டியோ?"

படம் பிடிப்பவர் விட்டால்தானே. இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப இன்னும் முடியேல்லை" என்று கோப்பையை வாங்கி, ஒரு கதிரையை இழுத்து என்னை இருத்திவிட்டு, கறியைக் கேட்டு வாங்கி நின்றபடியே பரிமாறினார். நான் கண்ணீரும் சோறுமாக, அந்த முழங்காலுக்காக, அவசர அவசரமாக விழுங்கினேன்.