சிலுவையம்மாளின் உயரம்

ராயபுரத்தில் ஸ்டானிஸ்லாஸின் பட்டறைக்கு யாரும் யாரையும் "வாங்க" என்று அழைத்ததில்லை. சவப்பெட்டி செய்கிற இடம். வருகிறவர்கள் தாமாக வருவார்கள், பேசாமல் உட்காருவார்கள், அவரும் பேசாமல் மரத்தைக் காட்டுவார். போகும்போது "போய்ட்டு வாங்க" என்றும் சொல்ல மாட்டார். சொந்தத் தங்கை படுக்கையில் கிடந்தபோதுகூட அவர் போய்ப் பார்க்கவில்லை. பெட்டிக்காரன் வாசலில் நின்றால் நோயாளி என்ன நினைப்பார்?

அந்தப் பட்டறையை இணையத்துக்குக் கொண்டுபோனவள் அவர் மகள் ஜானட். பேட்டையில் பாதி வீட்டுப் பிள்ளைகள் துபாயிலும் குவைத்திலும் இருந்தார்கள். அம்மா அப்பா இறந்தால் உடனே வர முடியாது. அங்கிருந்தே பெட்டிக்கு ஏற்பாடு செய்ய ஒரு பக்கம் இருந்தால் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. திருவொற்றியூரில் சின்ன அலுவலகம் போட்டு இணையப் பக்கம் போடும் வேலைகளைச் செய்துகொண்டிருந்த அறிவு அதை அமைத்துக் கொடுத்தான். ஒரே வருடத்தில், தேடினால் முதலில் வந்து நிற்பது ஸ்டானிஸ்லாஸின் பட்டறைதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஜெரி போன் செய்தான். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவனுக்கும் ஜானட்டுக்கும் முதல் திருமண ஓலை, கல்யாணத்தைச் சபைக்கு அறிவிக்கும் ஓலை, வாசிப்பதாக இருந்தது.

"ஜானட், அம்மா ஓலைய நிறுத்தச் சொல்ட்டாங்க."

"ஏன் ஜெரி? இன்னா ஆச்சு?"

"உங்க கடைலர்ந்து அம்மா போனுக்கு ஒரு மெசேஜு வந்துச்சு. இங்கிலீஷ்ல இருந்துச்சா, படிடான்னு எங்கிட்ட குடுத்தாங்க. இன்னா ஏதுன்னு பாக்காம நானும் வரிவரியா தமிழ்ல சொல்லிட்டேன். 'அன்புள்ள கஸ்பார், நீங்கள் விசாரித்த பெட்டி இன்னும் தேவையா? இந்த மாதம் மட்டும் சலுகை.' இப்டி கீது."

விசாரித்தவர்களுக்குத் தானாகப் போகும்படி அறிவு வைத்திருந்த செய்தி அது என்று ஜானட்டுக்குப் புரிந்தது.

கஸ்பார் ஜெரியின் அண்ணன், குவைத்தில் வேலை. நான்கு மாதம் முன்பு அவர்கள் அம்மா சிலுவையம்மாள் செயற்கை சுவாசத்தில் கிடந்தபோது, டாக்டர்கள் கைவிரித்த அன்று, அவன் பட்டறையின் பக்கத்தில் விவரம் நிரப்பியிருந்தான். ஊரில் பேச வேண்டிய எண் என்ற இடத்தில், மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணைப் போட்டிருந்தான். அம்மாவுடைய எண். பிறகு ஜானட்டைக் கூப்பிட்டு அழுதான். "ஜெரிக்குத் தெரிய வேணாம்மா" என்றான். அவள் இன்றுவரை சொல்லவில்லை. சிலுவையம்மாளோ பிழைத்து எழுந்துவிட்டாள்.

ஜானட் அறிவைக் கூப்பிட்டாள்.

"இன்னா ஜானட், இதுக்குப் போயி பேஜாரு பண்ற? எல்லா பிராண்டும் இப்டித்தான் பண்றான். விசாரிச்சிட்டு வாங்காம போன கஸ்டமர விடக்கூடாது."

"வாங்காம போனாங்கன்னா ஆளு பொயச்சிக்கினாங்கன்னு அர்த்தம், அறிவு."

"ஐயோ" என்றான் அறிவு.

செய்தி போன எண்களை எல்லாம் வாங்கி, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். சிலர் திட்டினார்கள். புழலிலிருந்து ஒரு பெரியவர், "நான் இன்னும் கீறேன்மா, அவசரப்படாத" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் மரம் சீவும் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு வூடு பாக்கி கீது, நைனா."

"அங்க போன்ல பேசாத. நேர்ல போ" என்றார் அவர்.

சிலுவையம்மாள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கதவைத் திறந்த ஜெரி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றான்.

"வாடி. டேப்பு எடுத்துகினு வந்தியா?"

ஜானட் நின்றபடியே இருந்தாள். "தப்பு எங்களுதுதான், அத்தை."

"ஆஸ்பத்திரில கெடந்தனே, ஒருநாளு எட்டிப் பாத்தியா? கட்டிக்கப் போற பொண்ணு வரலியேன்னு மனசு கெடந்து அடிச்சிக்கிச்சு. இப்பல்ல தெரியுது. வெளியவே உக்காந்து நான் எப்ப போவேன்னு பாத்துகினு இருந்துகீற."

"அப்டி இல்ல அத்தை. எங்க வூட்டு ஆளுங்க சீக்காளியப் பாக்கப் போவ மாட்டோம். நாங்க வந்து நின்னா அளவெடுக்க வந்துட்டான்னுதான் நெனைப்பாங்க. நீங்க பயந்துடக் கூடாதுன்னுதான் வரல."

சிலுவையம்மாள் மீனின் தலையைக் கிள்ளித் தட்டில் போட்டாள். "கஸ்பாரு உங்கிட்ட பேசினானா?"

"பேசினாரு."

"இன்னா கேட்டான்?"

பொய் சொல்லிவிடலாம். ஆனால் இந்த வீட்டில்தான் அவள் வாழ வேண்டும்.

"உங்க உயரம் கேட்டாரு. அவருக்குத் தெரியல. நீ ஊர்லயே அம்மாவ பாத்துகினு இருந்தவளாச்சே, நீ சொல்லுன்னாரு."

"சொன்னியா?"

"எனக்குத் தெரியாதுன்னு சொல்ட்டேன்."

"ஸ்டானிஸ்லாஸு பொண்ணுக்கா தெரியாது?"

"தெரியும் அத்தை. ஒருத்தர ஒருவாட்டி பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும், வேணாம்னாலும் தெரிஞ்சிடும். ஆனா அன்னிக்கி வாயத் தொறந்து சொல்லிட்டா, நீங்க போய்டுவீங்கன்னு நானே ஒத்துகினா மாதிரி ஆயிடும். அதான் சொல்லல."

சிலுவையம்மாளின் கை நின்றது. மீன் வாசனையோடு விரல்கள் அப்படியே மடியில் கிடந்தன. துறைமுகப் பக்கம் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"எம்புள்ளைக்கு என் உயரம் தெரியல" என்றாள் மெதுவாக. பிறகு, யாரோ அவனைக் குறை சொன்னதுபோல அவளே பதிலும் சொன்னாள். "போன்ல கேக்கற கொரலுக்கு உயரம் எப்டிடி தெரியும்? எவ்ளோ வருசமா போன்லயே கீறேன் அவனுக்கு."

ஜானட் அவளருகே உட்கார்ந்தாள். சிலுவையம்மாள் விலகவில்லை.

அப்போது போன் அடித்தது. குவைத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை. கஸ்பார் கூப்பிடுகிற நேரம்.

சிலுவையம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். போனை எடுப்பதற்கு முன் ஜானட்டின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"எனக்கு மெசேஜே வரல. புரியுதா? அவனுக்கு இது தெரியவே கூடாது. தெரிஞ்சா ஜென்மத்துக்கும் என் மூஞ்சில முழிக்க மாட்டான். ஜெரிகிட்டயும் சொல்லி வையி."

"சரிங்க அத்தை."

"ஆங், கஸ்பாரு, சொல்லு நைனா... நான் நல்லாதான் கீறேன். துன்னேன், துன்னேன். மாத்திரயும் போட்டுகினேன்... கொரலா? ஒண்ணுமில்லடா, நெத்திலி ஆய்ஞ்சிகினு கீறேன், மூக்குல ஏறிடுச்சி. ஜானட்டும் கீது கூட."

கன்னத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்தாள். பிடித்த மணிக்கட்டை விடவில்லை.

"ஞாயித்துக்கெயம உன் தம்பிக்கு ஓலை படிக்கறாங்க, தெரியுமில்ல? உன் மொதலாளிகிட்ட இப்பவே லீவு கேட்டு வையி... ஏண்டா பதறுற? கல்யாணத்துக்குத்தாண்டா கூப்புடறேன்."