கஜேந்தினி சொல்லாமல் விட்ட செய்தி

கிளிநொச்சியில் யோகநாதன் ஐயா நடத்திய சாரதிப் பயிற்சி நிலையத்தில் கஜேந்தினி நான்கு வருடமாக வேலை செய்தாள். தொலைபேசிக்குப் பதில் சொல்வது, விண்ணப்பம் நிரப்புவது, கண்ணை மூடிக்கொண்டு படம் எடுத்து வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது எல்லாம் அவள்தான். ஆனால் அவளிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை. மூன்று முறை ட்ரயலுக்கு, அதாவது கார் ஓட்டிக்காட்டும் சோதனைக்குப் போய், மூன்று முறையும் தவறினாள். கடைசி முறை காரைப் பின்னுக்கு எடுக்கும்போது, சோதிக்க வந்தவருடைய மோட்டார் சைக்கிளையே சரித்துவிட்டாள்.

தர்மிளாவை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவளும் அவளே. இருவரும் ஜெயபுரத்தில் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். "நல்ல பிள்ளை ஐயா. கூட்டுவாள், ரீ போட்டுத் தருவாள்" என்று சொல்லித்தான் சேர்த்தாள். தர்மிளா பதினாறு வயதிலேயே தகப்பனின் உழவு இயந்திரத்தை வயலில் ஓட்டியவள் என்பதை ஐயாவிடம் சொல்ல அவளுக்கு நினைவு வரவில்லை.

ஐயா தானாகவே கண்டுபிடித்துவிட்டார். ஒரு வருடத்துக்குள் தர்மிளாவைக் கூப்பிட்டு, "பிள்ளை, பயிற்றுநர் அனுமதிக்கு விண்ணப்பம் போடும். பொம்பிளைப் பிள்ளையள் பொம்பிளையிட்டைத்தான் பழகுவம் எண்டு நிக்கினம்" என்றார்.

விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்யவேண்டியவள் கஜேந்தினி. தகைமைகள் என்ற இடத்தில் ஒவ்வொரு வரியாக அடிக்க அடிக்க அவளுக்கு நெஞ்சு எரிந்தது. காலையில் சாப்பிட்ட இடியப்பச் சம்பலாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

சம்பல் இல்லை என்பது சுஜிதனால் தெரியவந்தது. வீதிச் சமிக்ஞைகள் படிப்பிக்க வருகிறவன். ஆறு மாதமாக கஜேந்தினி அவனுக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்தாள். அவனும் ஒன்றுவிடாமல் சாப்பிட்டான், தலை நிமிராமல் ஃபோனைப் பார்த்தபடி. ஒருநாள் கார் பழக்கும் வளவுக்குள் இருந்து வந்தவன் முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்:

"தர்மிளா கிளச் விடுறதைப் பாத்தனீரோ? பட்டு மாதிரி!"

கஜேந்தினி கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிவிட்டுக் கண்ணாடியில் தன்னை நெடுநேரம் பார்த்தாள். பட்டு மாதிரி எதுவும் தென்படவில்லை.

அந்தப் புதன்கிழமை பின்னேரம் வவுனியா மோட்டார் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பயிற்றுநர் அனுமதிக்காகத் தர்மிளாவுக்கு வெள்ளிக்கிழமை வைத்திருந்த செய்முறைச் சோதனையை மறுநாளுக்கு மாற்றிவிட்டார்களாம். காலை பத்து மணிக்கு நிற்கவேண்டும். கஜேந்தினி ஒரு துண்டில் எழுதிக்கொண்டு பின்பக்கம் போனாள். தர்மிளா கார் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சுஜிதன் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றான். தான் சாப்பிட்ட கோப்பையைக்கூடக் கழுவாத சுஜிதன்!

அவள் துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். 'நாளைக்குச் சொல்லுவம்' என்று நினைத்தாள். நாளைக்குத்தான் சோதனை என்பது அவளுக்கு வடிவாகத் தெரியும்.

காலையில் தர்மிளா நேரத்துடன் வந்து அவளுடைய மேசையில் சாய்ந்தாள்.

"எடி, நாளைக்கு நீயும் என்னோட வாறியே? நீ பக்கத்தில இருந்தால் எனக்குக் கை நடுங்காது."

கஜேந்தினி கைப்பையைத் திறந்து துண்டை எடுத்து நீட்டினாள். "நாளைக்கில்லையடி. இண்டைக்கு. பத்து மணிக்கு. நேற்றே ஃபோன் வந்தது."

"மறந்திட்டியோ?"

"ஓம்."

தர்மிளா கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். கஜேந்தினி பின்னால் ஓடிப்போய்க் காரில் ஏறினாள். ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டும்வரை தர்மிளாதான் கதைத்தாள். மறதி எல்லாருக்கும் வரும், கவலைப்படாதே என்று ஆறுதல் வேறு சொன்னாள். அதைத்தான் கஜேந்தினியால் தாங்க முடியவில்லை.

"நான் மறக்கேல்லை. வேணுமெண்டுதான் சொல்லேல்லை."

கார் கொஞ்சம்கூட ஆடவில்லை. தர்மிளா கியரை மாற்றிய விதத்தைப் பார்த்து, அந்த நேரத்திலும் கஜேந்தினிக்கு எரிந்தது. ஓமந்தையில் கார் ஓரமாக நின்றது.

"ஏன்?"

"உனக்கு எல்லாம் வருது. கார் வருது, பதவி வருது, சுஜிதனும் பின்னால வாறான்."

"அவன் தன்ரை மோட்டார் சைக்கிளையும் கழுவித் தரச்சொல்லி இளிச்சுக்கொண்டு நிண்டவனடி!" தர்மிளாவின் குரல் உடைந்தது. "எனக்கு எரியேல்லை எண்டு நினைச்சியோ? ஒரு வருசம் உன்ரை கதிரையைச் சுத்திக் கூட்டினனான். நீ ஃபோனில கதைச்சுக்கொண்டு காலை மட்டும் தூக்குவாய். என்ரை முகத்தைப் பாக்கமாட்டாய். நான் உனக்கு ஏதும் கெடுதல் செய்தனானோ?"

கஜேந்தினி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

"இறங்கு."

இறங்கினாள். கார் போய்விட்டது. பஸ் பிடித்து அவள் வவுனியா அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணியாகியிருந்தது. தர்மிளா கடிதத்துடன் வெளியே வந்துகொண்டிருந்தாள். சித்தியடைந்துவிட்டாள் என்று முகமே சொன்னது. கஜேந்தினிக்கு முதலில் வந்தது பொறாமைதான். அழுகையும் சந்தோசமும் அதற்குப் பிறகுதான் வந்தன.

"ஐயாவுக்கு நீயே ஃபோன் எடு. நீ செய்ததையும் சொல்லு" என்றாள் தர்மிளா.

வீதிச் சத்தத்துக்குள் கத்திக் கத்தி, நாலு பேர் திரும்பிப் பார்க்க, அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஐயா முழுவதையும் கேட்டார். பிறகு, "பிள்ளை, உம்மில எனக்கிருந்த நம்பிக்கை போச்சுது. திருப்பி எடுக்கிறது உம்மடை பாடு" என்று ஃபோனை வைத்துவிட்டார்.

ஒரு மாதம் தர்மிளா அவளுடன் வேலைக்குத் தேவையானதை மட்டும் கதைத்தாள். அந்த ஒரு மாதமும் வந்த செய்திகளையெல்லாம் கஜேந்தினி ஓடி ஓடிப்போய்ச் சொன்னாள். சுஜிதனுக்கு ரோல்ஸ் நின்றுபோனது. அவன் நிலையத்துக்கு முன்னால் இருந்த கடையில் வாங்கத் தொடங்கினான், வித்தியாசம் எதுவும் தெரியாதவனாக.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. தர்மிளாவிடம் பழக இருபத்திரண்டு பெண்கள் பெயர் கொடுத்த அன்று, பட்டியல் எழுதிக்கொண்டிருந்த கஜேந்தினி பேனையை வைத்துவிட்டு எழுந்து வளவுக்குப் போனாள்.

"எடி, இண்டைக்கு எனக்கு எரியுது."

தர்மிளா காரின் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தாள்.

"எவ்வளவு?"

"நல்லா."

"சரி, ஏறு" என்று தர்மிளா பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.