பன்னிரண்டரை என்று எழுதிய சீட்டு

அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். கையிலிருந்த தாளைச் சாப்பாட்டு மேசையில், தம்பியின் தட்டுக்குப் பக்கத்தில் போட்டாள். யாரோ ஒருவருக்கு இன்றைக்கு நல்லா கிடைக்கப்போகிறது என்று அவனுக்குப் புரிந்தது. அந்த யாரோ தான்தான் என்பது அப்போது தெரியாது.

அவள் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். ஒரு நாளைக்கு ஒன்பது வீடு, ஊரின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக. காரில்லாமல் அந்த வேலை இல்லை. போன வருடம் வண்டி ஓட்டும்போது போன் பேசியதற்கு ஏற்கெனவே பெயரில் ஒரு குற்றம் ஏறியிருந்தது. இன்னொன்று ஏறினால் ஒரு வருடத்துக்கு லைசென்ஸ் கிடையாது. தாளில் இரண்டு எழுதியிருந்தது. அதிவேகம். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல் போனது.

நடந்ததைச் சொல்லும்போது அவள் அழுதுவிட்டாள். மத்தியானம் ஒரு மணி, நல்ல வெயில். சாம்பல் நிறக் கார் ஒன்று பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்ததாம். அவள் ஒதுங்கினால் அதுவும் ஒதுங்கியது. ஓட்டியவன் டீ-ஷர்ட்டில் இருந்தான். ஹாரனை அடித்துக்கொண்டே, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எதையோ ஆட்டினான். அவள் பையில் நோயாளிகளுக்கான வலி ஊசி மருந்து இருந்தது. அதற்காகவே நர்ஸுகளின் வண்டியை மறித்துப் பிடுங்குகிறவர்கள் உண்டு. அவள் கதவுகளைப் பூட்டினாள், வேகத்தைக் கூட்டினாள், நேராகப் பக்கத்துப் போலீஸ் நிலையத்து வாசலுக்குள் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினாள். பின்னாலேயே அந்தக் காரும் வந்து நின்றது.

"போலீஸுக்குத் தப்பி ஓடுறவ போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளயேவாடா ஓடுவா? கேட்டேன். ஒருத்தன் சிரிச்சான். இன்னொருத்தன் எழுதிக்கிட்டே இருந்தான்."

அவன் ஆட்டியது போலீஸ் அடையாள அட்டை, முன்பக்கம் நீல விளக்கும் எரிந்தது, நீங்கள்தான் பார்க்கவில்லை என்றார்களாம். விளக்கு எரிந்தால் தனக்குத் தெரியாதா என்று அவள் கேட்டிருக்கிறாள். "கண்ணாடியில பார்த்துக்கிட்டேதான் வந்தேன். சூரியன்தான் தெரிஞ்சுது. அப்புறம் ஒருதரம் பக்கத்துல வந்தப்போ பார்த்தேன், பின்சீட்டுல குழந்தையை உட்கார வைக்கிற சீட்டு. குழந்தையை வச்சுக்கிட்டு ரவுடித்தனம் பண்றானேன்னு அதுக்கு வேற வயிறெரிஞ்சேன்."

தம்பி சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

அவன் போலீஸ் வண்டிகளின் ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரீஷியன். எந்த அடையாளமும் இல்லாமல் சாலையில் விடும் கார்களுக்கு அங்கே மொட்டை வண்டி என்று பெயர். மூன்று மாதத்துக்கு முன் ஆறு மொட்டை வண்டிகளுக்கு அவன்தான் விளக்கு பொருத்தினான். முன்கிரிலுக்குள்ளே, கறுப்புக் கம்பிகளுக்குப் பின்னால், வெளியே தெரியாதபடி. அவற்றில் சாம்பல் நிறத்தில் இருந்தது ஒன்றுதான். பின்சீட்டில் குழந்தை சீட் வைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்று யோசனை சொன்னதும் அவன்தான். பரணில் கிடந்த தன் மகனுடைய பழைய சீட்டையே கொண்டுபோய் மாட்டினான். மூளைக்காரன்டா நீ என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள். அவனுக்கும் அன்றைக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை.

அக்காவிடம் இதில் எதையும் அவன் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து வைத்திருந்த லைசென்ஸ் விசாரணைக்குத் தானும் கூட வருவதாக மட்டும் சொன்னான்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு விதி இருந்தது. மொட்டை வண்டிக்கு விளக்கு மாட்டினால் நட்ட நடுப்பகலில் வெயிலில் நிறுத்தி, ஐம்பது அடி முன்னால் இன்னொரு காரில் உட்கார்ந்து, பின்பார்வைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். நீலம் தெரிந்தால்தான் சோதனைச் சீட்டில் கையெழுத்து. ஆனால் அந்த ஆறும் மறுநாள் காலையில் வெளியே போயாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. சைரன்கூட வந்து சேரவில்லை, பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்றார்கள். விளக்கு வேலை முடிந்தபோது மாலை ஆறு மணி. ஷெட்டுக்குள்ளேயே எரியவிட்டுப் பார்த்தார்கள். அரையிருட்டில் ஆறும் கல்யாண வீடு மாதிரி ஜொலித்தன. சீட்டில் நேரம் என்ற கட்டத்தில் அவன் பன்னிரண்டரை என்று எழுதினான். ஆறு சீட்டிலும். அங்கே எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆறு மணி என்று எழுதினால் ஃபோர்மேன் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அக்கா வந்துபோன மறுநாள் ஃபோர்மேனிடம் போய் அந்தச் சாம்பல் வண்டியை ஒருமுறை வெயிலில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். அவர் காரணம் கேட்டார். இவன் சொன்னான். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு தெரியலேன்னா ஆறும் தெரியலேன்னு ஆகும். மூணு மாசமா பிடிச்ச கேஸெல்லாம் எழுந்து வந்து வரிசையில நிக்கும். உன் அக்காவுக்காக ஒர்க்‌ஷாப்பையே கவுத்துருவியா? சீட்டு சரியா இருக்கு. கையெழுத்து உன்னோடது. வாயை மூடிக்கிட்டு வேலையப் பாருப்பா."

அந்த வாரமே அந்த வண்டி டயர் மாற்ற வந்தது. ஃபோர்மேன் சாப்பிடப் போன நேரத்தில் அதை வெட்டவெளியில் நிறுத்தி விளக்கைப் போட்டான். ஐம்பது அடி முன்னால் தன் காரில் ஏறிக் கண்ணாடியைப் பார்த்தான். கிரில் கறுப்பாக இருந்தது. அதற்கு மேலே முன்கண்ணாடியில் சூரியன் பளீரென்று அடித்தது. இறங்கிப்போய், விளக்கு எரிகிறதா என்று கிரிலில் கையைக் குவித்துப் பார்த்தான். எரிந்துகொண்டுதான் இருந்தது. மறுபடியும் காரில் வந்து உட்கார்ந்தான். ஒன்றும் தெரியவில்லை. ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினான். கை வீங்கியதுதான் மிச்சம். யார்மேல் கோபம் என்று வரிசைப்படுத்திப் பார்த்தான். ஃபோர்மேன், மேலிடம், சிரித்த அந்தப் போலீஸ்காரன். எப்படி அடுக்கினாலும் வரிசையின் தலையில் அவனே வந்து நின்றான்.

விசாரணை அறையில் ஆறு நாற்காலி, ஒரு மேசை, ஓடாத மின்விசிறி. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி எல்லாவற்றையும் இரண்டு முறை வாசித்தார். காரை ஓட்டிய போலீஸ்காரர் இன்றைக்குச் சீருடையில் வந்திருந்தார். அக்கா தன் பக்கத்தைச் சொல்லி முடித்ததும் அவர் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து சீட்டை எடுத்து வைத்தார். நடுப்பகல் பன்னிரண்டரைக்குச் சோதித்தது, ஐம்பது அடியில் தெளிவாகத் தெரிகிறது, ஒர்க்‌ஷாப் சான்று. இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டார்.

அதிகாரி அதை அக்காவிடம் காட்டச் சொன்னார். அவள் வாசித்தாள். கீழே வந்ததும் நின்றாள். வங்கிப் படிவத்திலும் பள்ளிக்கூடத் தாளிலும் எத்தனையோ தடவை பார்த்த கையெழுத்து. மெதுவாகத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலை.

அவன் எழுந்தான். குரல் சத்தமாகவே வந்தது.

"அந்தச் சீட்டு பொய் மேடம். எழுதினது நான்தான். பன்னிரண்டரைக்கு யாரும் பார்க்கல. சாயங்காலம் ஆறு மணிக்கு, ஷெட்டுக்குள்ள பார்த்தோம். மூணு வாரம் முன்னாடி வெயில்ல வச்சுப் பார்த்தேன். தெரியல."

போலீஸ்காரர் இவன் அவளுடைய தம்பி, அதனால் சொல்கிறான் என்றார். கேட்டதும் அவனுக்குள் இத்தனை நாள் அடைத்துக்கிடந்தது பொத்துக்கொண்டது.

"தம்பிதான் சார். உங்க வண்டி கீழ வெயில்லதானே நிக்குது? விளக்கைப் போடுங்க. முன்னால ஒரு கார்ல நீங்களே உட்காருங்க. கண்ணாடியில நீலம் தெரிஞ்சா என்னை என்ன வேணா பண்ணுங்க."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம். பேனாவை மூடிவிட்டு எழுந்தார்.

கீழே அக்காவின் காரில் அவரே ஏறி உட்கார்ந்தார். போலீஸ்காரர் விளக்கை மூன்று முறை போட்டு அணைத்தார். ஒவ்வொரு முறையும் அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து, நிமிர்ந்து பார்த்தார். கடைசியில், போட்டாச்சா என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். போட்டுத்தான் இருந்தது.

நிறுத்தாமல் போனது, அதிவேகம் இரண்டையும் அடித்துவிட்டார்கள். அக்காவின் லைசென்ஸ் பிழைத்தது. பொய்ச் சான்று எழுதியதற்காகத் தம்பியை வேலையிலிருந்து நிறுத்திவைக்கச் சொல்லி அங்கேயே ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போனது.

அக்கா வண்டியை எடுத்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை வரும் என்று அவன் எதிர்பார்த்தானா என்றால், கொஞ்சம் எதிர்பார்க்கத்தான் செய்தான். முதல் சிக்னல் தாண்டியது. இரண்டாவதில் சிவப்பு.

"அன்னைக்கு ராத்திரி உன் வீட்டு மேசையில உட்கார்ந்து அழுதேனே. அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்க்கா."

"மூணு வாரமா உனக்குத் தெரியும்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் நகரவில்லை.

"எத்தனை வண்டிக்கு இப்படி எழுதின?"

"ஆறு."

"அப்போ இன்னும் அஞ்சு ரோட்டுல ஓடுது. அதுல மாட்டினவங்களுக்கெல்லாம் ஒர்க்‌ஷாப்புல தம்பி இருக்கானா?"

அவள் வண்டியைத் திருப்பினாள். அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை, வந்த வழியே விசாரணை அலுவலகத்துக்குத் திரும்பினாள். வாசலில் நிறுத்தி, மருந்துப் பையிலிருந்து நோயாளிகளின் குறிப்பு எழுதும் நோட்டை எடுத்துப் பின்பக்கத்திலிருந்து இரண்டு தாள் கிழித்து அவன் மடியில் வைத்தாள்.

"அஞ்சு வண்டி நம்பரையும் எழுது. நேரத்தை ஒழுங்கா எழுது. கொடுத்துட்டு வா, நான் இங்கதான் இருப்பேன். வந்து உட்கார்ந்ததும் எங்கிட்ட பேச்சுக் கொடுக்காத. இன்னும் கொஞ்ச நாளைக்கு உன் குரலைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

அவன் தாளை எடுத்துக்கொண்டு இறங்கினான்.