ரட்ஜுக்குச் சுவரா, கழிப்பறையா?

பிராக்கன்ஷாவுக்கு வெயில் எப்போதாவது வந்துபோகும் விருந்தாளி. அது தலைகாட்டிய அன்றைக்கு ஊரில் இருக்கிற ஆண்கள் அத்தனை பேரும், பேரன் எடுத்தவர்கள் உட்பட, அரைக்கால் சட்டையோடு தெருவுக்கு வந்துவிடுவார்கள். குளிர்காலம் பூராவும் கம்பளிக்குள் கிடந்த கால்கள். பார்க்கிறவர்களுக்குத்தான் கண் கூசும். மே மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வீவர்ஸ் ஆர்ம்ஸ் பப்பில் முழுக்கால் சட்டையோடு உட்கார்ந்திருந்தவர் டெஸ் என்கிற டெஸ்மண்ட் ஆக்கர்லி ஒருவர்தான். அதுவும் தடித்த கார்டுராய்த் துணி. உள்ளே வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது.

காரணம் அவருடைய இடது கெண்டைக்காலில் இருந்தது. அங்கே கிளைவ் ரட்ஜின் முகம் பச்சை குத்தப்பட்டிருந்தது.

ரட்ஜ், பிராக்கன்ஷா அத்லெட்டிக் கால்பந்துக் கிளப்பின் மேனேஜர். போன திங்கட்கிழமை வரைக்கும். முதல் வருஷம் ஊரே அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. இரண்டாம் வருஷம் அவர் கிளப்பை லீக்கை விட்டே வெளியே தள்ளினார். இனி அத்லெட்டிக், வாரம் பூராவும் கொத்து வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை மட்டும் பந்தாடுகிற ஆட்களிடம் போய் உதை வாங்க வேண்டும். இந்த மனிதரின் முகத்தைத்தான் டெஸ், அந்த முதல் வருஷத்து ஜனவரியில், தலைகால் புரியாத சந்தோஷத்தில் காலில் குத்திக்கொண்டார். எந்த மேனேஜரையும் கேலி செய்கிற வாய் என்பதால், பப்பில் யாரிடமும் காட்டவில்லை. அவர் மனைவி பெர்னிஸ் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "என் முகம் எங்கே?" அந்தக் கேள்விக்கு டெஸ் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்.

வீவர்ஸ் ஆர்ம்ஸில் ஒரு வழக்கம் உண்டு. அத்லெட்டிக்கிலிருந்து ஒரு மேனேஜர் போனால், அடுத்த ஞாயிறு இறைச்சி ரோஸ்ட் சாப்பாடு முடிந்த கையோடு அவர்மீது விசாரணை நடக்கும். ஒருவர் குற்றம் சாட்டுவார், ஒருவர் பரிந்து பேசுவார். பிறகு எல்லோரும் தங்கள் கிளாஸுக்கு அடியில் கிடக்கும் பீர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைப்பார்கள். அட்டைகள் நிமிர்ந்து கிடந்தால் மேனேஜரின் போட்டோ கணப்புக்கு மேல் சுவரில் ஏறும். கவிழ்ந்து கிடந்தால் ஆண்கள் கழிப்பறை. அங்கே நின்றுகொண்டு வேலையைப் பார்க்கிறவனுக்கு நேர் எதிரே அவர்கள் வரிசையாகத் தொங்குவார்கள். கழிப்பறையில் இப்போது இடநெருக்கடி. சுவரில் இருப்பதோ இரண்டே பேர். அதில் ஒருவர் கறுப்பு வெள்ளைக் காலத்து ஆள். அவர் காலத்து ஆட்டத்தைப் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லாததால் தப்பித்தவர்.

இந்த வழக்கத்துக்கு டெஸ் தன் பங்காக ஒரு விதியையும் சேர்த்திருந்தார். கழிப்பறைக்குத் தீர்ப்பான முகம் பப்பில் வேறு எங்கேயும் தட்டுப்படக் கூடாது. சட்டையில் இருந்தால் சட்டை உள்ளே போக வேண்டும், தொப்பியில் இருந்தால் தொப்பி. சில வருஷங்களுக்கு முன்னால் பிளம்பர் கீத் பிர்ட்வெல்லிடம் ஒரு பீங்கான் குவளை இருந்தது. அவன் மகள் பிறந்தநாளுக்குக் கொடுத்தது, அதில் அப்போதைய மேனேஜரின் முகம். கீத் அதில்தான் பீர் குடிப்பான். அந்த மேனேஜருக்குத் தீர்ப்பான அன்று டெஸ் குவளையை அவன் கையிலிருந்து பிடுங்கி, கழிப்பறையில் ஆணியடித்து மாட்டினார். "இந்த மூஞ்சிக்கு இந்த வீட்டுல ஒரே இடம்தான்" என்றார். பப்பே விழுந்து விழுந்து சிரித்தது. கீத்தும் சிரித்தான். அதன் பிறகு அவன் டெஸ்ஸோடு அதிகம் பேசுவதில்லை.

குவளையை மாட்டலாம். காலைக் கழற்றி மாட்ட முடியுமா? கால் போகிற இடத்துக்கு டெஸ்ஸும் போக வேண்டியதுதான். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களை நையாண்டி செய்வதைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் வேறு சொத்து கிடையாது. கால் விஷயம் என்றைக்காவது வெளியே வந்தால், நையாண்டி செய்கிறவர் கழிப்பறையில் நிற்க, நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பான். தப்பிக்க ஒரே வழி, ரட்ஜை எப்பாடுபட்டாவது சுவரில் ஏற்றிவிடுவது.

பப்பின் முதலாளி நோரீன் கரண்டியால் கவுண்டரைத் தட்டினாள்.

"ஆரம்பிக்கலாமா? டெஸ், குத்தம் சொல்றது நீதானே, கண்ணு?"

"இல்ல நோரீன். நான் அவருக்காகப் பேசறேன்."

வாய்க்குப் போன கிளாஸ்கள் பாதி வழியில் நின்றன. எந்த மேனேஜரையும் டெஸ் இதுவரை விட்டுவைத்ததில்லை. போன சீசன் முழுக்க ரட்ஜைக் கிழித்துத் தோரணம் கட்டியவரும் அவர்தான். குற்றம் சொல்லும் வேலையைக் கீத் கேட்டு வாங்கிக்கொண்டான்.

கீத்துக்குப் பேச்சு வராது. குழாய் அடைப்பை விவரிப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். ரட்ஜ் வீரர்களுக்கு, இறைச்சி அடைத்துச் சுடுகிற 'பை' பலகாரத்தைத் தடை செய்தார். அவர் மட்டும் ரிசர்வ் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பை தின்றார். மன உறுதி வளர்க்க ஒரு மேளக்காரனை அழைத்து வந்தார். அந்த மேளச் சத்தத்தில் கோல்கீப்பர் கத்தியது தடுப்பாட்டக்காரர்களுக்குக் கேட்கவில்லை. தோற்ற பிறகு ஒவ்வொரு தடவையும் ரேடியோவில் வந்து, பையன்கள் நன்றாகத்தான் ஆடினார்கள் என்றார். குற்றச்சாட்டு எல்லாம் சரிதான், ஆனால் ஒன்றில்கூட உப்பில்லை. பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

டெஸ் எழுந்தார். பேச்சு என்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. கிளப் தலைவர் கஞ்சன், ரட்ஜ் கேட்ட ஆட்களை வாங்கித் தரவில்லை என்றார். நவம்பர் வெள்ளத்தில் மைதானம் மூழ்கியது ரட்ஜ் செய்த பாவமா என்று கேட்டார். நடு ஆட்டக்காரர்கள் மூன்று பேருக்கு ஒரே மாதத்தில் முழங்கால் போனதே, அந்த முழங்கால்களை ரட்ஜா வளர்த்தார்? ஜனங்கள் தலையாட்டத் தொடங்கினார்கள். முன்வரிசைக் கிழவர் ஒருவர் தன் பீர் அட்டையை இப்போதே நிமிர்த்தி வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் டெஸ்ஸுக்கு கார்டுராய்க்குள் கொஞ்சம் காற்று வந்த மாதிரி இருந்தது.

அப்போது கீத் கையைத் தூக்கினான்.

"ஒரே ஒரு சந்தேகம் டெஸ். அந்த டார்ன்லி விஷயம். அந்த ஸ்ட்ரைக்கரை வாங்கினது ரட்ஜ்தானே? அவன் வேகத்தைப் பத்தி நீங்க என்ன சொல்றீங்க?"

டார்ன்லியை அத்லெட்டிக்குக் கூட்டி வரும்போதே அவன் விளையாடுகிற வயதைக் கடந்திருந்தான். அவனைப் பற்றி டெஸ்ஸிடம் ஒரு வரி இருந்தது. பிப்ரவரியிலிருந்து யாரிடமும் சொல்லாமல், நல்ல சபைக்காகப் பத்திரமாக வைத்திருந்த வரி. அது இப்போது நாக்கு நுனிக்கு வந்து நின்றது. டெஸ் பல்லைக் கடித்தார். ஒரு வாய் பீர் குடித்து அதை உள்ளே தள்ளப் பார்த்தார். பப் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அறுபத்து மூன்று வயது மனிதர், தன் காலையும் தன் நாக்கையும் எடை போட்டுப் பார்த்தார். நாக்கு ஜெயித்தது.

"டார்ன்லி ஓடறப்ப நான் பார்த்தேன்," என்றார் டெஸ். "கார்னர் கொடி அவனைத் தாண்டிப் போச்சு."

பப் அதிர்ந்தது. யாரோ மேஜையைக் குத்தினார்கள். அந்தச் சிரிப்பு காதில் விழுந்ததும் டெஸ்ஸுக்குக் கால் மறந்துவிட்டது, கார்டுராய் மறந்துவிட்டது. எதிரணி கோல்கீப்பர் சும்மா நின்று ஆட்டம் பார்த்தாரே, அவரிடம் டிக்கெட் கேட்டிருக்க வேண்டாமா என்றார். ரட்ஜ் ஆள் மாற்றுவதற்குள், மாற்ற வேண்டியவனுக்கு ஓய்வூதியம் வந்துவிடும் என்றார். கோட்டுக்கு வெளியே உடம்பைச் சூடாக்க ஓடிய பையன், உள்ளே ஆடியவர்களைவிட அதிக தூரம் ஓடியிருக்கிறான் என்றார். அந்த மேளக்காரன் ஒருவன்தான் சீசன் பூராவும் எதையாவது குறி பார்த்து அடித்தவன் என்று முடித்தபோது நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டெஸ் கையைத் தூக்கி அடக்கமாகத் தலைவணங்கினார். அப்புறம்தான் தான் எந்தப் பக்கம் பேச எழுந்தோம் என்பது நினைவுக்கு வந்தது.

அட்டைகள் விழுந்தன. அத்தனையும் கவிழ்ந்து. முன்வரிசைக் கிழவரும் தன்னுடையதைத் திருப்பிப் போட்டார்.

நோரீன் ரட்ஜின் போட்டோவை எடுத்துக்கொண்டு உள்ளே போய், சுத்தியல் சத்தம் கேட்ட பிறகு திரும்பி வந்தாள். டெஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ரட்ஜ் போனால் போகட்டும். கோடையில் மூட்டுவலி என்று சொல்லி இந்த கார்டுராயோடே காலத்தை ஓட்டிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டார்.

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றான் கீத். "அந்த மூஞ்சி வேற எங்கயும் இருக்கக் கூடாதுன்னு."

"இருக்கத்தான் இருக்கு. யாருகிட்டயாவது அவன் மூஞ்சி இருந்தா எடுத்து வைங்கப்பா," என்று டெஸ் நாலா பக்கமும் பார்த்தார். யாரும் அசையவில்லை. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கால்சட்டையைத் தூக்கு, கண்ணு," என்றாள் நோரீன்.

விஷயம் இவ்வளவுதான். பச்சை குத்தியவன் தன் கைவேலையைப் போட்டோ எடுத்துக் கடை ஜன்னலில் ஒட்டி வைத்திருந்தான். படம் எடுக்கும்போது டெஸ்ஸே பெருமையாகக் காலை நீட்டிக் காட்டியிருக்கிறார். முகம் வேண்டாம், கால் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டதால் யாருக்கும் தெரியாது என்று நம்பினார். அந்தக் கெண்டைக்காலில் ரட்ஜின் காதுக்குக் கீழே நாய் கடித்த தழும்பு இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நாயிடம் கடி வாங்கிய கதையை டெஸ் இந்த பப்பில் சொல்லாத நாளே கிடையாது. ஆக, கடைத்தெருவுக்குப் போய்வந்த அத்தனை பேரும் அந்தக் காலை அடையாளம் கண்டுகொண்டார்கள். கண்டுகொண்டு, ஒருவரும் வாயைத் திறக்காமல், இந்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தார்கள். இப்படி ஓர் ஒற்றுமை அத்லெட்டிக்கின் தடுப்பாட்டத்தில் இருந்திருந்தால் கிளப் கீழே இறங்கியிருக்காது.

டெஸ் குனிந்து கார்டுராயைச் சுருட்டினார். ரட்ஜ் வெளியே வந்தார். ஒரு வருஷத்துக்கு மேலாக முடி முளைத்து அவருக்குத் தாடி வளர்ந்திருந்தது. டெஸ் கால் விரலை அசைத்தபோது ரட்ஜின் கன்னம் துடித்தது. பப் சிரித்துத் தீர்த்தது. டெஸ் அடுத்தவர்களுக்குக் கொடுத்த சிரிப்பெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. அவருக்குக் காது மடல் எரிந்தது, அவமானத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"எதுக்கு டெஸ்?" என்று கேட்டாள் நோரீன், சிரிப்பு கொஞ்சம் ஓய்ந்ததும். கேலியாகக் கேட்கவில்லை.

டெஸ் கிளாஸைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"ரட்ஜ் ஜெயிச்சுக் கொடுத்த அந்தக் கப் மேட்ச். பெரிய ஊர்க்காரன் பஸ்ஸு நிறைய கோடீஸ்வரனுங்களைக் கூட்டிட்டு வந்தானே. கடைசி நிமிஷத்துல நம்ம பையன் கோல் போட்டானே. நான் தெருவுல ஓடினேன் நோரீன். இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு, சின்னப் பையன் மாதிரி. யாரோ ஒருத்தனைக் கட்டிப்பிடிச்சு அழுதேன், யாருன்னுகூடத் தெரியாது. மறுநாள் காலையில எந்திரிக்கறப்ப பயமா இருந்துச்சு, இது மறந்துபோயிடுமோன்னு. அதான் குத்திக்கிட்டேன்."

அன்றைக்கு அந்தத் தெருவில் பப்பில் இருந்த எல்லோரும்தான் ஓடினார்கள்.

"அட முட்டாள் மனுஷா," என்றாள் நோரீன். "வெள்ளம், முழங்கால்னு என்னென்னவோ சொன்னியே. இதைச் சொல்லியிருந்தா ஒரு அட்டைகூடக் கவிழ்ந்திருக்காதே."

டெஸ்ஸுக்கும் அது தெரிந்தது. பேச எழுந்தபோது அது ஒன்றுதான் அவர் நினைவுக்கு வரவில்லை. மறுபடி அட்டை போடலாமா என்று யாரோ இழுத்தார்கள். நாற்காலிகள் லேசாக அசைந்தன. எல்லோரும் கீத்தைப் பார்த்தார்கள்.

"தீர்ப்பு தீர்ப்புதான்," என்றான் கீத்.

டெஸ் தன் கிளாஸை எடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் சுருட்டிய கார்டுராயோடு கழிப்பறைக்குள் போனார்.

உள்ளே பழைய மேனேஜர்கள் வரிசையாக இருந்தார்கள். அத்தனை பேரையும் அனுப்பி வைத்தவர் அவர்தான். கை உலர்த்தும் மெஷினுக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டார். வந்தவர்கள் ஒவ்வொருவரும் முதலில் சுவரிலிருந்த ரட்ஜுக்கும், பிறகு காலிலிருந்த ரட்ஜுக்கும் வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். வெளியே புது மேனேஜர் யார் என்ற பேச்சு சூடுபிடித்தது. தன் நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் டெஸ்ஸுக்குக் கேட்டது.

கடைசியாகக் கீத் வந்தான். வந்த வேலையை முடித்தான், கையைக் கழுவினான். பிறகு எட்டி ஆணியிலிருந்து தன் பீங்கான் குவளையை எடுத்து, வருஷக்கணக்கான தூசியைத் தேய்த்துக் கழுவினான். இந்த முகம் இருக்க வேண்டிய இடம் இதுதானே, இங்கே குடித்தால் விதி என்ன செய்யும் என்று கேட்டுவிட்டு, டெஸ்ஸின் கிளாஸிலிருந்து பாதியை அதில் ஊற்றிக்கொண்டான். டெஸ் தடுக்கவில்லை.

இரண்டு பேரும் நின்றபடி குடித்தார்கள்.

"அன்னைக்கு நீங்க கட்டிப்பிடிச்ச ஆளு நான்தான்," என்றான் கீத். "என் கோட்டு பூரா மூக்குச்சளி."

கீத் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழாய்க்கசிவைப் பார்க்கிற மாதிரி அவர் கெண்டைக்காலை உற்றுப் பார்த்தான். பிறகு சுவரிலிருந்த போட்டோவைப் பார்த்தான். மறுபடி காலைப் பார்த்தான்.

"டெஸ், இது ரட்ஜே இல்லையே. மூக்கு இப்படியா இருக்கும்? தாடை வேற. எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் செல்லாது. வெளிய வந்து இது யாரோன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நானே அட்டையை நிமிர்த்திப் போடறேன். நாற்காலியில போய் உக்காரலாம்."

டெஸ் குனிந்து பார்த்தார். மூக்கு சரியில்லை என்பது குத்திய மறுநாளே அவருக்குத் தெரியும். வெளியே யாரோ அவர் நாற்காலியிலிருந்து ஒரு நையாண்டி விட்டார்கள், மட்டமான நையாண்டி. அதற்குக்கூடச் சிரிப்பு விழுந்தது.

"ரட்ஜ்தான்," என்றார் டெஸ். பிறகு காலி கிளாஸைக் கீத்திடம் நீட்டி, வெளியே போனதும் இன்னொரு பீர் வாங்கி உள்ளே அனுப்பச் சொன்னார்.