‘செட்’ குறித்த ஆய்வுரை

தாணுமாலயன் பிள்ளை சார் தாலுக்கா ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தா. அத்தனை வருஷமும் அவர் எழுதியதெல்லாம் அடுத்தவர் கையெழுத்துக்காக. ஓய்வு பெற்ற பிறகு சொந்தமாக ஒன்று எழுதினார். ‘செட்’ என்கிற ஆங்கிலச் சொல்லைப் பற்றி. இரண்டு வருஷ உழைப்பு, நாற்பத்தாறு பக்கம்.

கேரள எல்லையில், எங்கள் குன்னத்துகால் பக்கம் இந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஓணத்துக்குப் பெண்கள் உடுத்துவது செட்டுமுண்டு. கோயில் கொடைக்கு வருவது மைக்செட். காரியம் கைகூடினால் ‘செட்டாயி’. உடைந்த காலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் எலும்பைச் செட் பண்ணி அனுப்புகிறார்கள். பெரிய அகராதியில் நானூறுக்கு மேல் பொருள் கிடக்கிறது என்றார் சார். அதைவிட அவரைப் பிடித்து ஆட்டியது வேறொரு சங்கதி. இது ஒரு சொல்லே அல்ல, இரண்டு. ‘உட்கார வை’ என்ற பழைய ஆங்கில வினை ஒன்று. பின்தொடரும் கூட்டம் என்ற பொருளில் லத்தீனில் புறப்பட்டு, பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது இன்னொன்று. சூரியன் ‘செட்’ ஆவது முதல் வீட்டுப் பிள்ளை, டீ செட் இரண்டாம் வீட்டுப் பிள்ளை, போகப்போக இரு வீடும் சம்பந்தம் கலந்துவிட்டன என்று அவர் விளக்கும்போது, சொந்தக் குடும்ப விவகாரம் பேசுவதுபோலக் குரல் தாழும்.

நான் வாசகசாலைச் செயலாளர். ஆண்டு விழாவில் நாற்பது நிமிட ஆய்வுரை அவருக்கே என்று கமிட்டியில் முடிவெடுத்தோம். வாழ்நாளில் மேடையில் பேசாத மனிதர். செய்தியைச் சொன்னதும் கண் கலங்கிவிட்டது.

விழா நோட்டீஸ் எழுதும் பொறுப்பும் அவரிடமே போனது. எங்கள் ஊரில் நோட்டீஸ் எழுதுவது விளையாட்டுக் காரியமல்ல. யார் பெயர் விட்டுப்போனாலும் அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு நமக்கு அழைப்பு கிடையாது. பெயர் அச்சில் வந்தவர் மேடை ஏறுவார். ஏறியவர் ‘ரெண்டு வாக்கு’ பேசாமல் இறங்க மாட்டார். சார் எழுதிக் கொண்டுவந்ததில் வாழ்த்துரைக்கு மட்டும் பதினோரு பேர் இருந்தார்கள்.

“சார், இதுல ஆறு பேரை வெட்டுங்க. இல்லேன்னா உங்களுக்கு நேரம் கிட்டாது” என்றேன்.

“அது பற்றாது மக்கா, முடியாத காரியம். ஒருத்தன் பேரை விட்டா நாளைக்கு ஜங்ஷன்ல அவன் மொகத்துல எப்பிடி முழிப்பேன்?”

நாலு மணிக் கூட்டம் நாலே முக்காலுக்குத் தொடங்கியது. ஒருவர் ரப்பர் விலையைப் பற்றிக் கவலைப்பட்டார். ஒருவர் தமக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது என்பதைக் கால் மணி நேரம் நிரூபித்தார். தலைப்பு என்ன என்று மேடையிலேயே பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டவரும் உண்டு. மைக்செட் ஜெயசிங்குக்கு ஏழு மணிக்குக் காரக்கோணத்தில் கல்யாண ரிசப்ஷன். ஆறு மணியிலிருந்தே என்னைப் பார்த்து மணிக்கட்டைத் தட்டிக்கொண்டிருந்தான்.

ஆறரைக்கு சாரை அழைத்தார்கள். முன்வரிசையில் அவர் மனைவி உமையம்மாள் போனை உயர்த்திப் பிடித்துப் பதிவு செய்ய ஆரம்பித்தார். சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் வரியை வாசித்தார். “இந்தச் சொல்லுக்குத் தாய் இரண்டு.” அருமையான தொடக்கம். எனக்கே புல்லரித்தது.

அந்நேரம் பார்த்து வார்டு மெம்பர் ஜெயன் உள்ளே நுழைந்தார். அன்று வெளியூரில் இருப்பேன் என்று சொல்லியிருந்ததால் அவர் பெயர் நோட்டீஸில் இல்லை. பாவி மனுஷன் போன காரியம் சீக்கிரம் முடிந்துவிட்டதாம். வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். சார் என் பக்கமே திரும்பவில்லை. காகிதத்தை மடித்தார். தம் நாற்காலியை மெம்பருக்கு இழுத்துப் போட்டார்.

“மெம்பர் வந்திருக்காரு. ரெண்டு வாக்கு பேசட்டும்.”

எந்தத் தயாரிப்பும் இல்லாமல் வந்திருப்பதாகச் சொன்ன ஜெயன், ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்வரை அதை மெய்ப்பித்தார். பிறகு நன்றி சொல்லவும் நேரமில்லை, ஜெயசிங் ஒயரைச் சுருட்டத் தொடங்கிவிட்டான். உமையம்மாள் போனைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். எனக்கு சாரைப் பிடித்து உலுக்கவும் தோன்றியது, கூடவே தாங்க முடியாத வருத்தமும் வந்தது.

மறுநாள் சார் விழா அறிக்கையை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி என் கையெழுத்துக்காகக் கொண்டுவந்தார். பதினோரு வாழ்த்துரையும் வரிசை பிசகாமல் இருந்தன. மெம்பரின் பேச்சு தனி வரியில். அதற்குக் கீழே அவருடைய அழகான கையெழுத்தில், ‘திரு. தாணுமாலயன் பிள்ளை நாற்பது நிமிடம் ஆய்வுரை நிகழ்த்தினார்.’

நான் ஏறிட்டுப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

“பேரு அச்சுல வந்துட்டுல்லா மக்கா. பேசல்லேன்னு எழுதினா, மத்தவங்க பேசித் தொலைச்சதுதான் காரணம்னு ஆகிப்போவும். அவங்களுக்கு மரியாதைக் கொறச்சலாக்கும்.”

நான் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.