ஆறாவது கோப்பை

அந்த ஆறு பேரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யோகராணிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மெல்பேர்னில் அவள் வேலை பார்த்த, கருக்கலைப்பும் செய்கிற குடும்பக் கட்டுப்பாட்டுக் கிளினிக்கின் வாசலில், செவ்வாய்க்கிழமை தோறும் எதிர்ப்பு அட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். உள்ளே போகிற பெண்களைப் பார்த்து ‘கொலைகாரி’ என்பார்கள். யோகராணியைக் கண்டால் மட்டும் ‘குட் மோர்னிங், டியர்’ என்பார்கள். சம்பளம் வாங்குவது அதே இடத்தில்தானே, அவள் மட்டும் எப்படி டியர் ஆனாள்?

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம். 1976இல் கிடைத்த வரவேற்பு முன்மேசை வேலை. அவள் உட்காரும் கதிரை கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே. மே மாதம் ஒரு நாள் எங்கிருந்தோ வந்த கல், கதவை உடைத்துக்கொண்டு விழுந்தது. கண்ணாடித் துண்டுகள் அவள் மடியில் சிதறின. அன்றிலிருந்து தெருவில் கார்க்கதவு அறைந்தாலே அவள் கதிரையை விட்டு எழும்பிவிடுவாள்.

கிளினிக்கை நடத்திய டொக்டர் ஹெலன், உடையாத கண்ணாடியும் உள்ளிருந்து திறக்கிற பூட்டும் வைத்த கதவுக்கு அரசாங்க மானியம் கேட்டு எழுதினார். வாசலில் நிற்பவர்கள் செய்வதையெல்லாம் எழுதச் சொல்லி யோகராணியிடம் ஒரு குறிப்பேட்டையும் கொடுத்தார். உன் கதிரைக்காகத்தான் கேட்கிறேன் என்றார்.

யோகராணியும் ஒழுங்காக எழுதினாள். ஆனால் யூலை வந்தது; அங்கே அதுதான் கடுங்குளிர். வாசலில் ஆறு பேர் விறைத்துக்கொண்டு நிற்க, அவர்கள் கண்முன்னே தான் மட்டும் தேநீர் குடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. சண்டைக்கு வந்தவனிடமும் தேத்தண்ணி குடிக்கிறீரோ என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவள். ஆறு கோப்பையில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர்களில் மூத்தவளான மிசிஸ் டொயில், கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் என்று வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்து வந்த பெண்ணைக் கொலைகாரி என்றாள். பிறகு கோப்பைகளைத் தெருக்குழாயில் கழுவிப் படியில் வைத்துவிட்டுப் போனாள். வாராவாரம் இதே கூத்து.

கணவன் இந்திரகுமாருக்கு இது அடியோடு பிடிக்கவில்லை.

“உமக்கென்ன விசரே? கண்ணாடி உடைச்சவைக்குத் தேத்தண்ணியோ?”

“ஆர் உடைச்சதெண்டு ஆருக்குத் தெரியும்? குளிருக்கை நிக்கினம், பாவம்.”

அடுத்த செவ்வாயும் ஆறு கோப்பையில் ஊற்றினாள்.

ஓகஸ்டில் மானிய அதிகாரி வந்த நாளும் செவ்வாய்க்கிழமையாகப் போயிற்று. மிசிஸ் டொயில், கையில் கிளினிக்கின் கோப்பையோடு, அவருக்குக் கதவைத் திறந்துவிட்டாள். அவர் குறிப்பேட்டைப் படித்தார், வெளியே பார்த்தார், மறுபடி படித்தார். இவர்களைக் கண்டால் உனக்குப் பயமா என்று யோகராணியிடம் நேராகவே கேட்டார்.

கல்லுக்குப் பயம். மிசிஸ் டொயிலுக்குப் பயமில்லை. இரண்டையும் சேர்த்து எப்படிச் சொல்வது? அவர்களுக்குக் குளிர்கிறது, சேர் என்று சொல்லிவைத்தாள். டொக்டர் ஹெலன் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. வாசலில் சுமுகமான உறவு நிலவுவதால் தற்போதைக்கு மானியம் தேவையில்லையாம். டொக்டர் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் யோகராணிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த புதன்கிழமை காலை அவள் வந்தபோது கதவில் மறுபடி போட்டிருந்த கண்ணாடியும் இல்லை. படியில் வழக்கம்போல் தட்டு இருந்தது. சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்த கோப்பைகள். ஐந்துதான் இருந்தன. ஆறாவது உள்ளே, அவள் கதிரைக்கடியில், பிடி மட்டும் முழுதாகக் கிடந்தது. யாரோ கல்லுக்குப் பதிலாக அதை எறிந்திருந்தார்கள்.

எல்லாவற்றையும் எழுது, இதைக் காட்டித் திரும்பக் கேட்கலாம் என்றார் டொக்டர். எறிந்த பொருள்: கோப்பை. யாருடையது: எங்களுடையது. எறிந்தவர் என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை கதவில் பலகை அடித்திருந்தது. ஆறு பேரும் வந்து நின்றார்கள். குட் மோர்னிங், டியர் என்றார்கள். யோகராணி மிச்சமிருந்த ஐந்து கோப்பையில் ஊற்றித் தட்டை வெளியே கொண்டுபோனாள்.

ஐந்து பேர் எடுத்துக்கொண்டார்கள். மிசிஸ் டொயில் கையை நீட்டவில்லை.

“எனக்கு இன்றைக்கு வேண்டாம், டியர்,” என்றாள், பலகையைப் பார்த்தபடி.

மூத்தவள் என்று மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தாளா, வாங்கிக் குடிக்க மனம் கூசியதா? யோகராணி அந்த முகத்தையே பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

உள்ளே வந்து குறிப்பேட்டைத் திறந்தாள், எறிந்தவர் என்ற இடத்தை நிரப்பாமலே மூடினாள். பிறகு தன் கதிரையைக் கதவுக்கு நேரிலிருந்து இழுத்துச் சுவரோரம் போட்டுக்கொண்டாள்.