ஏரிக்கரையில் எடுத்த கல்

உங்கள் வீட்டுச் சாளக்கிராமத்தின் வாய்க்குள் எப்போதாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் தெரியும். காலேஜில் பாடம் நடத்தும் சன்யால் பாபு அதே சுருளை வரைந்து காட்டி, "இது கடல் பிராணி. கல்லாகிப்போனது" என்று சொன்னபோது சீதாராமனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஊரின் தென்கோடியில் டாக்குரியாவில் புது ஏரி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சன்யால் பாபு ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, கரையில் வெட்டிப் போட்ட மண்ணைக் கிளறப் போவார். கறுத்த மரக்கட்டை, சிப்பி, எலும்பு என்று ஏதாவது அகப்படும். எடுத்தவர் பெயரை எழுதி ஒட்டிக் காலேஜ் கண்ணாடி அலமாரியில் வைப்பார். சொந்த ஊரை விட்டு வேலைக்கு வந்து பவானிப்பூரில் குடியிருந்த சீதாராமனுக்கு அந்தக் கூட்டத்தை விட்டால் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. அலமாரியில் அவன் பெயர் மட்டும் இல்லை.

"ஓய், எலும்பைத் தொட்டா தீட்டு, சிப்பியைத் தொட்டா தீட்டு. பின்னே நீர் எதுக்கு வரீர்? எங்களுக்குக் குடை பிடிக்கவா?" என்றான் அவனோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்த வைத்தீஸ்வரன். அதையே இங்கிலீஷிலும் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு சீதாராமன் பூஜைப் பெட்டியைத் திறந்து சாளக்கிராமத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். காட்டிவிட்டு, கழுவிக் கொண்டுவருகிறேன் என்று திருப்பி வாங்கிவிடலாம். அப்புறம் தொலைந்துபோயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

"வந்து பூஜை பண்றேன்" என்றான் மனைவியிடம்.

"சீக்கிரம் வாங்கோ. நைவேத்தியம் ஆகாம நான் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்னு தெரியுமோன்னோ?" என்றாள் பாகீரதி.

ஏரிக்கரையில் யாரும் பார்க்காத இடத்தில் அதைச் சேற்றில் புரட்டி எடுத்து, "கெடைச்சுடுத்து!" என்று கத்தினான். சன்யால் பாபு ஓடிவந்தார். அவர் உருவ வழிபாடே இல்லாத பிரம்ம சமாஜத்துக்காரர். பூஜை அறை வாசனையே தெரியாதவர். கட்டைவிரலால் சேற்றை வழித்தார். சுருளின் ஓரம் தெரிந்தது.

"இந்த ஆற்று மண்ணில் கடல் பிராணியா! சீதாராமன் பாபு, இது மட்டும் நிஜமானால் உங்கள் பெயர் காலேஜோடு நிற்காது" என்று அவனைக் கட்டிக்கொண்டார். சீதாராமனுக்குக் கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு அவர் கல்லை ஒரு மரக்கட்டை மேல் வைத்துச் சுத்தியலை எடுத்தார். "பிளந்தால் முழுச் சுருளும் தெரியும்."

"வேண்டாம்!" சீதாராமன் பாய்ந்து அதன்மேல் கையை வைத்தான். "அது எங்காத்து ஸ்வாமி!"

தமிழில்தான் கத்தினான். வைத்தீஸ்வரன் அதை இங்கிலீஷில் சொன்னான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சன்யால் பாபு கல்லைத் தன் கைக்குட்டையால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். அதற்கு அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது சீதாராமனுக்கு.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அபிஷேகம் செய்தான். வாய்க்குள் தங்கியிருந்த சேறு கரைந்து வந்தது. பசியில் வாடிப்போயிருந்த பாகீரதி கை நீட்டித் தீர்த்தம் வாங்கினாள்.

"ஏன்னா, தீர்த்தம் ஏன் இப்படிக் கறுப்பா இருக்கு?"

அவள் கதவுக்குப் பின்னால் தொங்கிய கோட்டைப் பார்த்தாள். அதன் பையிலும் சேறு ஒட்டியிருந்தது. பிறகு உள்ளங்கையில் இருந்ததைக் குடித்தாள்.

மறுநாள் காலை, அதுவரை பூட்டே இல்லாத பூஜைப் பெட்டியில் பூட்டுத் தொங்கியது. பூஜைக்கு உட்கார்ந்து அவன் கேட்டதும் பாகீரதி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள்.